மாவாலைச் சரிவின் நிறம்

குன்வோர் லீஸ்தாடுக்கு ஊராட்சி கொடுத்திருந்த வேலை, குன்றுகளுக்கு நிறம் சொல்வது. உல்வெலி பள்ளத்தாக்கில் பனி விழுந்துவிட்டால், காலில் ஸ்கீ சறுக்குக் கட்டைகளைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் போகிற அத்தனை பேரும் அவள் அடித்த பலகையைப் பார்த்துத்தான் திரும்புவார்கள். பச்சைப் பலகை இருந்தால் போன மாதம் நடக்கப் பழகிய குழந்தையும் போகலாம். நீலம் என்றால் சுலபம், ஒன்றிரண்டு இறக்கம் உண்டு. சிவப்புக்குக் காலில் பலமும் நெஞ்சில் துணிவும் வேண்டும். கறுப்பைப் பற்றி அவள் கவலைப்பட்டதே இல்லை. கறுப்பில் போகிறவன் தன்னைத் தானே பார்த்துக்கொள்வான். அவளைத் தூங்கவிடாதது நீலம்தான். நீலத்தை நம்பித்தான் ஊரே வரும்.

இத்தனைக்கும் அவள் மலையில் பிறந்தவள் இல்லை. கடலோர மீன்பிடித் தீவிலிருந்து இருபத்து மூன்று வயதில் அவ்டுனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவள். முதல் குளிர்காலம் முழுக்க விழுந்துகொண்டே இருந்தாள். இறக்கம் என்றாலே கண்ணை மூடிக்கொள்வாள். ஊர்ப் பெண்கள் கைக்குட்டையை வாயில் வைத்துச் சிரித்தார்கள். அவ்டுன் சிரிக்கவில்லை. ஒவ்வொரு முறை விழும்போதும் எப்படி எழுந்திருப்பது என்று காட்டினான். எழுந்தபின் அவள் உடம்பு பனியில் பதித்த குழியைக் காட்டி, அதை மூடச் சொன்னான். பனியைத் தள்ளி, ஸ்கீயால் மிதித்து, பழையபடி மட்டமாக்கிவிட்டுத்தான் அந்த இடத்தை விட்டு நகர வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வருகிறவன் அந்தக் குழியில் விழுவான். இந்த ஊரில் இது வாசல் கதவைச் சாத்துவது போல. யாரும் யாருக்கும் நினைவுபடுத்துவதில்லை.

பிற்பாடு ஊராட்சியில் பாதை வேலைக்கு ஆள் தேடியபோது அப்போதிருந்த அதிகாரி அவளைத்தான் கூப்பிட்டார். பந்தயத்தில் பதக்கம் வாங்கியவர்களெல்லாம் வரிசையில் நிற்க, பயப்படத் தெரிந்த ஆள் ஒருத்திதான் வேண்டும் என்று அவர் சொன்னாராம். அன்றிலிருந்து பயம்தான் குன்வோரின் தொழில் கருவி. கோடையில் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, சாய்வுமானியும் அளவு நாடாவுமாகப் புதர்களுக்குள் நடப்பாள். இந்த இறக்கத்தில் வேகம் எடுக்கிறவன் எங்கே போய் நிற்பான், அந்த இடத்தில் மரம் இருக்கிறதா, எதிரே ஏறி வருகிறவன் கண்ணுக்கு இவன் தெரிவானா என்று பார்ப்பாள். பனி விழுந்த பிறகு அதே வழியில் மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் போவாள். கடைசியாக ஒரு வழக்கம் வைத்திருந்தாள். புதுப் பாதையை இரண்டு வாரம் நிறமே இல்லாமல் ஊர்க்காரர்களுக்குத் திறந்துவிடுவாள். தினமும் போய், பனியில் எங்கெங்கே குழி விழுந்திருக்கிறது என்று எண்ணுவாள். வளைவுக்கு வளைவு குழி இருந்தால் சிவப்பு. அங்கொன்றும் இங்கொன்றும் என்றால் நீலம். அந்தக் கணக்கு அவளை ஒரே ஒரு முறைதான் கைவிட்டது.

நான்கு வருடங்களுக்கு முன் கரடிக்குன்றுப் பாதைக்கு அவள் நீலம் சொன்னாள். அங்கே விழுந்தது அவ்டுன். முதல் நாள் மழை பெய்து மறுநாள் உறைந்திருந்தது. அடிவாரத்தில் கண்ணாடி போலக் கிடந்த வளைவில் அவன் பாதையை விட்டு வழுக்கி, ஒரு பிர்ச் மரத்தில் போய் மோதினான். வலது முழங்கால் மூன்று துண்டு. இரண்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகும் அது முழுதாக மடங்கவில்லை. தச்சு வேலையை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துப் பட்டறையில் பிள்ளைகளுக்கு உளி பிடிக்கச் சொல்லிக் கொடுக்கிறான்.

மழைதான் காரணம் என்று ஊர் சொன்னது. ஒரு மாதம் கழித்துக் குன்வோர் அந்த நீலப் பலகையைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஊராட்சிப் பலகைகளை எல்லாம் செய்து வண்ணம் அடிப்பவன் அவ்டுன்தான். சிவப்பாக்க வேண்டும் என்று மட்டும் சொல்லி அவன் முன்னால் வைத்தாள். அவன் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்து இரண்டு பூச்சு அடித்துக் காயவைத்துக் கொடுத்தான். எந்தக் குன்றுக்கு என்று கேட்கவில்லை. பலகையின் பின்புறம் கரடிக்குன்று என்று அவன் கையெழுத்திலேயே எழுதியிருந்தது.

அதற்குப் பிறகு நான்கு குளிர்காலம் அவன் ஸ்கீ கட்டவில்லை. மேலே பீடபூமியில் அவன் அப்பா கட்டிய மரக்குடில் பூட்டியே கிடந்தது. ஈஸ்டர் வாரத்தை இருவரும் அங்கேதான் கழிப்பார்கள். வெயிலில் சுவரோரம் உட்கார்ந்து ஆரஞ்சு உரிப்பதும், ஆளுக்கொரு துப்பறியும் கதையைப் படித்துவிட்டுக் கொலைகாரன் யாரென்று மற்றவரிடம் உளறிவிடுவதும் வழக்கம். குளிர்காலத்தில் அங்கே போக ஸ்கீ ஒன்றுதான் வழி. பனி மோட்டார் வண்டியில் கொண்டுபோய் விடுவதாக எத்தனையோ பேர் சொன்னார்கள். தான் ஒன்றும் உருளைக்கிழங்கு மூட்டை இல்லை என்று அவ்டுன் மறுத்துவிட்டான்.

இந்த வருடம் டாக்டர் சம்மதித்தார். ஒரு நிபந்தனை, நீலப் பாதையைத் தாண்டக் கூடாது. அவ்டுன் குன்வோரின் கையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்தான். நீலம் இருந்தால் போவேன், இல்லாவிட்டால் போகமாட்டேன். பீடபூமிக்கு அவள் கோடை முழுக்கப் போட்ட புதுப் பாதை அப்போது தயாராகிக்கொண்டிருந்தது. பத்து கிலோமீட்டர், எல்லாம் சாதுவான மேடு பள்ளம். ஒரே இடம்தான் அவள் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. மாவாலைச் சரிவு.

அந்தக் காலத்தில் ஓடைக்கரையில் மாவு அரைக்கும் ஆலை இருந்த இடம். முந்நூறு மீட்டர் நீளமான இறக்கம். அடியில் இடப்பக்கம் ஒரு வளைவு, வளைவு முடிந்த கையோடு ஓடையின் மேல் பழைய மரப்பாலம். இறக்கத்தின் அடியில் வளைவு வைக்காதே என்பது அவள் தொழிலின் முதல் பாடம். ஆனால் பாலம் அங்கேதான் இருந்தது. அதைத் தூக்கி வேறு இடத்தில் வைக்க முடியாது. அதனால் சரிவின் மேல்பகுதியை வெட்டி, நிரப்பி, எவ்வளவு தணிக்க முடியுமோ அவ்வளவு தணித்திருந்தாள். சாய்வுமானி நீலம் என்றது. புத்தகமும் நீலம் என்றது.

மார்ச் மாதம் நிறமில்லாமல் திறந்துவிட்டாள். ஊரில் பனியை மட்டமாக்கித் தடம் போடும் வண்டி ஒன்றுதான். அதை ஓட்டும் டோர்கெய்ர், முதல் நாள் மட்டும் தடம் போட்டுவிட்டு, நிறம் வைக்காத பாதைக்கெல்லாம் இந்த வருடம் மறுபடி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். குன்வோர் தினமும் சாயங்கால வெளிச்சத்தில் சரிவின் அடிக்குப் போய் நிற்பாள். தடம் சுத்தமாக இருக்கும். ஒரு குழி இல்லை. மறுநாளும் இல்லை. பத்தாம் நாளும் இல்லை. அவளுக்குச் சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் என்னவோ திக்கென்று இருந்தது. பச்சைப் பாதையில்கூட ஒரு நாளைக்கு இரண்டு குழி இருக்கும். இங்கே ஒன்றுமே இல்லையென்றால் எப்படி?

வீட்டுக்கு வந்து அவ்டுனிடம் சொல்வாள், இன்றைக்கும் யாரும் விழவில்லை என்று. அவன் ரொட்டியில் பழுப்புச் சீஸை மெல்லியதாகச் சீவி வைத்துக்கொண்டே நல்லது என்பான். பழைய ஸ்கீக்களைக் கொட்டகையிலிருந்து எடுத்துத் துடைத்து அடுப்பங்கரைச் சுவரில் சாத்தி வைத்திருந்தான்.

ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிறு வரப்போகிற வாரத்தின் வியாழக்கிழமை ஸ்கீ சங்கத்தில் கூட்டம். சனிக்கிழமை பாதையைத் திறந்தாக வேண்டும். நகரத்துக் குடில்காரர்கள் குடும்பத்தோடு வந்து குவிகிற வாரம் அது. சங்கத் தலைவர் ஹால்வ்டான் பிரெக்கே, அந்தக் காலத்து ஐம்பது கிலோமீட்டர் பந்தயக்காரர், வாஃபிள் துண்டை ஜாமில் தோய்த்தபடியே பேச்சை ஆரம்பித்தார்.

"குன்வோர், பதினாலு நாள் ஆச்சு. ஒருத்தன்கூட விழலை. இன்னும் எதுக்கு முட்டையிடப் போற கோழி மாதிரி சுத்திச் சுத்தி வர்றே? அந்தச் சரிவுல என் மாமியா கண்ணை மூடிட்டு இறங்குவா."

"உன் மாமியாருக்கு நான் பலகை அடிக்கலை, ஹால்வ்டான். பயப்படறவங்களுக்கு அடிக்கறேன்."

பயப்படுகிறவர்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து சாக்லேட் தின்னட்டுமே என்று டோர்கெய்ர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். கரடிக்குன்றுக்குப் பிறகு இவளுக்குச் சமதரையே செங்குத்தாகத் தெரிகிறது என்று யாரோ பின்வரிசையில் முணுமுணுத்தது அவள் காதில் விழுந்தது. முகம் சிவந்தது. ஒரே ஒரு நாள் கேட்டாள். வெள்ளிக்கிழமை கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு நீலம் அடித்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அவள் சரிவின் உச்சியில் நின்றாள். முதுகுப்பையில் அவ்டுன் செய்து கொடுத்த நீலப் பலகையும் சுத்தியலும் இருந்தன. நல்ல வெயில். பனி இளகி, ஸ்கீக்கு அடியில் கஞ்சி மாதிரி இழுத்தது. அவள் பயமில்லாமல் இறங்கினாள். பாதித் தூரம் போனதும் வலப்பக்கப் பாறையின் நிழல் பாதையில் குறுக்கே கிடந்தது. நிழலுக்குள் நுழைந்த கணம் காலுக்கடியில் ஓசை மாறியது. கஞ்சி போய்ப் பனிக்கட்டி. பிடித்து இழுத்துக்கொண்டிருந்த கை திடீரென்று விட்டுவிட்டது போல ஸ்கீ பாய்ந்தது. வளைவு முகத்தில் வந்து நின்றது. வளைந்து திரும்ப முயன்றாள், பிடிப்பே இல்லை. பக்கவாட்டில் சாய்ந்து, இடுப்பு மோதி, உருண்டு, பாலத்துக்கு ஐந்தாறு மீட்டர் முன்னால் கிடந்தாள்.

அடி ஒன்றும் பெரிதாக இல்லை. எழுந்தாள். தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டாள். பக்கத்திலிருந்து பனியைத் தள்ளிக் குழியை நிரப்பினாள். ஸ்கீயால் நாலு மிதி மிதித்தாள். ஸ்கீக் கோலின் பிடியால் மேலே தடவி மட்டமாக்கினாள். பாலத்தைக் கடந்து முப்பது மீட்டர் போயிருப்பாள்.

அங்கேயே நின்றுவிட்டாள். திரும்பிப் பார்த்தாள். தடம் சுத்தமாக இருந்தது. அங்கே ஒருத்தி இப்போதுதான் விழுந்தாள் என்று சொல்ல ஒரு அடையாளம் இல்லை.

மற்றப் பாதைகளில் டோர்கெய்ரின் வண்டி தினமும் வரும். அதனால் அங்கெல்லாம் விழுந்தவர்கள் எழுந்து போய்விடுவார்கள், வண்டி பார்த்துக்கொள்ளும். இங்கே வண்டி வராது. வண்டி வராத பாதையில் இந்த ஊர்க்காரன் தான் விழுந்த குழியைத் திறந்தபடி விட்டுப் போவானா? செத்தாலும் போகமாட்டான். முப்பது வருடமாகத் தானும் செய்கிற காரியம் இது. அதை மறந்துவிட்டு, குழியைக் காணோம் குழியைக் காணோம் என்று பதினாலு நாள் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஓடிப்போய் வளைவில் மண்டியிட்டாள். கோலைத் தலைகீழாகப் பிடித்துக் குத்திப் பார்த்தாள். பழைய பனி கல்லாக எதிர்த்தது. ஒரு முழம் தள்ளிக் குத்தினாள், பொதுக்கென்று உள்ளே போனது. நிரப்பிய இடம். இன்னொன்று. இன்னொன்று. வளைவின் வெளிப்பக்கம் முழுக்க ஒட்டுப்போட்ட துணி மாதிரி இருந்தது. தன்னுடையதை விட்டுவிட்டுப் பதினொன்று எண்ணினாள். கடைசி இரண்டும், பெரிய பூட்ஸ் தடத்தோடு, பாலத்தின் மரக்கட்டைக்கு ஒரு கை தூரத்தில். கீழே தண்ணீர் கறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது.

பதினொன்றில் நான்கை மட்டும் யாரோ காலால் மிதித்து மூடவில்லை. கையால் தட்டித் தட்டி மூடியிருந்தார்கள். உறைந்துபோன உள்ளங்கைப் பதிவு அப்படியே இருந்தது. பக்கத்தில் இடது முழங்கால் ஊன்றிய பள்ளம் ஒன்று. வலது காலை மடக்க முடியாமல் நீட்டி வைத்திருந்த நீளமான கோடு ஒன்று. ஒரு காலை மடக்க முடியாதவன்தான் குழியை இப்படி மூடுவான். குன்வோருக்கு வேறு யாரையும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த உள்ளங்கையின் மேல் தன் கையை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று அவளுக்கே தெரியாது. பலகையைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

அவ்டுன் அடுப்பங்கரையில் ஸ்கீயைப் பெஞ்சின் மேல் போட்டுப் பழைய மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தான். குன்வோர் நனைந்த உடையோடு கதவோரம் நின்றாள்.

"இன்னைக்கு நான் விழுந்தேன்," என்றாள்.

அவன் தலையைத் தூக்கவில்லை. "எங்க?"

"நீ விழுந்த இடத்துல."

சுரண்டும் சத்தம் நின்றது. அப்புறம் மெதுவாகத் தொடர்ந்தது.

"நாலு தடவை," என்றாள் அவள்.

"ஏழு தடவை இறங்கினேன். மூணு தடவை விழலை. அதையும் எழுதிக்கோ."

பள்ளிக்கூடம் விட்டதும் யாரிடமும் சொல்லாமல் போயிருக்கிறான். அவள் சாயங்காலம் வந்து பார்ப்பதற்குள் மூடிவிட்டுத் திரும்பியிருக்கிறான். தினமும் யாரும் விழவில்லை என்று அவள் சொன்னபோது, இவன் எதிரே உட்கார்ந்து நல்லது என்று சொல்லியிருக்கிறான். இதையெல்லாம் அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவன் மறுக்கவில்லை. மூடுவது பழக்கம் என்றான். அப்புறம், சொன்னால் பலகை சிவப்பாகிவிடுமே என்றான்.

"அடியில தண்ணி ஓடுது, அவ்டுன்."

"தெரியும். ரெண்டாவது தடவை என் கோல் அதுக்குள்ளதான் போச்சு."

குன்வோர் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தாள். நான்கு வருடமாக நெஞ்சுக்குள் பாறாங்கல்லாகக் கிடந்தது தானாகவே வாய்க்கு வந்துவிட்டது.

"கரடிக்குன்று. அது என் தப்புதானே?"

அவன் சுரண்டியைக் கீழே வைத்தான். ஜன்னலைப் பார்த்தான். பொய் சொல்வான் என்று அவள் பயந்தாள். உண்மையைச் சொல்லிவிடுவானோ என்று அதைவிட அதிகமாகப் பயந்தாள்.

"ஆமா," என்றான்.

அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. துடைக்கவும் தோன்றவில்லை.

"சிவப்புப் பலகைக்கு நீதான் பெயிண்ட் அடிச்சே. ஒரு வார்த்தை கேக்கலை. ஒரு தடவையாவது என்னைத் திட்டியிருக்கலாம்ல?"

"எனக்கு முட்டி வலிச்சுது, குன்வோர். திட்டறதுக்கெல்லாம் தெம்பு இல்லை." பெஞ்சில் கிடந்த மெழுகுத் தூளை ஊதிவிட்டுச் சொன்னான். "தப்புன்னு தெரிஞ்சுதானே பலகையைக் கழட்டிட்டு வந்தே. நான் வேற மேல ஏறி மிதிக்கணுமா?"

"நாளைக்கு அங்க சிவப்புதான்," என்றாள் அவள்.

"எனக்காகவா?"

"பதினோரு குழிக்காக. உன்னுது நாலுதான்."

"எனக்கு அம்பத்தெட்டு நடக்குது. நீ மாத்தி மாத்திப் பலகை அடிச்சுட்டிரு. நான் எப்ப மேல போறது?"

அவள் நனைந்த கையுறைகளைக் கழற்றி அடுப்போரம் காயப்போட்டாள். அவன் ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஸ்கீயை மறுபடியும் சுரண்ட ஆரம்பித்தான்.

ஹால்வ்டானிடம் போனில் சொன்னபோது அவர் காது கிழியக் கத்தினார். ஊரில் ஒருத்தரும் விழவில்லை, இவள் கனவு கண்டிருக்கிறாள் என்றார். குன்வோர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பெரிய கால்தடத்தோடு பாலத்துக்குப் பக்கத்தில் இரண்டு குழி இருக்கிறது, நாற்பத்தேழாம் நம்பர் பூட்ஸ் ஊரில் யாருக்கு என்று கேட்டாள்.

"வெயில் கண்ணுல அடிச்சுது," என்றார் ஹால்வ்டான்.

"அங்க நிழல்."

"சரி, ரெண்டு தடவை. வீட்ல சொல்லிடாதே."

சனிக்கிழமை மாவாலைச் சரிவின் தலையில் சிவப்புப் பலகை ஏறியது. குழந்தைகளை இழுவைச் சறுக்குவண்டியில் உட்காரவைத்துக் கொண்டுவந்த நகரத்து அப்பாக்கள் பலகையைப் பார்த்து முகத்தைச் சுளித்துத் திரும்பினார்கள். அவ்டுன் சொன்ன சொல்லை மீறவில்லை. ஸ்கீக்களைத் துணியால் சுற்றிக் கொட்டகையில் வைத்துவிட்டான். இரண்டு நாள் அவளோடு உப்பு எடு, கதவைச் சாத்து என்பதைத் தாண்டிப் பேசவில்லை. குன்வோருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போகவிட்டால் அவன் கால் போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். போகவிடாவிட்டால் அவனே போய்விடுவான் என்ற பயம் இன்னொரு பக்கம்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தனியாகச் சரிவின் கிழக்குப் பக்கத்துக் காட்டுக்குள் நுழைந்தாள். அந்தக் காலத்தில் குதிரை கட்டி மரம் இழுத்த வழி ஒன்று அங்கே பாதி மூடிக் கிடந்தது. பிர்ச் மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கி, அடிவாரத்தில் ஒரு சின்ன மேட்டில் ஏறித்தான் அது பாலத்துக்கு வந்தது. அந்த மேட்டைப் பார்த்ததும் அவள் அதைக் காலடியால் அளந்தாள். ஏற்றத்தில் வேகம் தானாகச் செத்துவிடும். பிரேக் போடத் தெரியாதவனும் பாலத்துக்கு முன்னால் நின்றுவிடுவான். பாறையின் நிழலும் அங்கே எட்டவில்லை.

குறுக்கே ஏழு ஊசியிலை மரங்கள் நின்றன. காடு ஹால்வ்டானுடையது. அவர் மரத்தைத் தடவிப் பார்த்து, தாத்தா நட்டது என்று இழுத்தார். குன்வோர் அவர் பூட்ஸைப் பார்த்தாள். அன்று மத்தியானமே ரம்பம் வந்துவிட்டது. திங்கட்கிழமை ஊர்வேலை. பதினைந்து பேர் ஒரு காசு வாங்காமல் வந்து, மரம் தள்ளி, கிளை பொறுக்கி, வளைவின் வெளிப்பக்கம் பனி அணைத்துக் கொடுத்தார்கள். வாஃபிள் சுட்டதும் அவர்களே. டோர்கெய்ர் வண்டியைக் கொண்டுவந்து தடம் போட்டுவிட்டு, பயப்படுகிறவர்களுக்கு ராஜபாட்டை என்றான்.

பாதை ஆயிற்று. நிறம்? இரண்டு வாரம் காத்திருக்க நேரமில்லை. குழியை எண்ணும் கணக்கிலும் அவளுக்கு நம்பிக்கை போயிருந்தது. செவ்வாய்க்கிழமை அவள் பள்ளிப் பட்டறைக்குப் போய் அவ்டுன் முன்னால் நின்றாள்.

"எனக்கு விழறதுக்கு ஒரு ஆள் வேணும்."

அவன் ரம்பத்தை நிறுத்தினான். "ஊர்ல வேற முட்டாள் கிடைக்கலையா?"

"மத்தவங்க விழுந்தா மூடிட்டுப் போயிடறாங்க."

"நானுந்தான் மூடினேன்."

"உன்னைத் திட்டலாம். அவங்களைத் திட்ட முடியாது."

அவன் வாயோரம் லேசாக அசைந்தது. நாலு நாளில் முதல் முறை.

டாக்டரிடம் கேட்டார்கள். பக்கத்தில் ஆள் நிற்கட்டும், முழங்காலுக்குக் கட்டுப் போட்டுக்கொள்ளட்டும் என்றார். புதன் காலை தொடங்கினார்கள். அவள் அடியில் நிற்பாள், அவன் மேலிருந்து வருவான். இரண்டாம் வளைவுக்கும் மூன்றாம் வளைவுக்கும் இடையில் பிர்ச் மரங்கள் அவனை மறைத்துவிடும். அந்த இடைவெளிதான் அவள் உயிரை எடுத்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று மூச்சை எண்ணுவாள். ஆறாவது மூச்சில் அவன் வெளியே வர வேண்டும். ஏழாகும், எட்டாகும். அப்புறம் உள்ளேயிருந்து ஒரு குரல் வரும், எந்தப் பதற்றமும் இல்லாமல், இடுப்பு, இடப்பக்கம், பெரிய கல்லுக்கு ரெண்டடி மேல என்று. அவள் மண்வெட்டியோடு ஓடுவாள். அவன் குழியில் அப்படியே உட்கார்ந்திருப்பான். அவள் அளந்து, குறித்து, வளைவை அகலமாக்குவாள், வெளிவிளிம்பை உயர்த்துவாள். மறுபடி அவன் ஏறுவான். அந்த முழங்காலை இழுத்துக்கொண்டு அவன் ஏறுவதைப் பார்க்கும்போது, போதும் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்ல அவள் வாய் துடிக்கும். சொன்னதில்லை.

புதன்கிழமை ஐந்து முறை விழுந்தான். பெரிய வியாழனன்று இரண்டு. வெள்ளிக்கிழமை காலையில் ஒரு முறைகூட இல்லை. டோர்கெய்ர் கைதட்டினான், பலகையை அடித்துவிடு என்று ஹால்வ்டான் அவசரப்படுத்தினார். குன்வோர் அசையவில்லை. காலைப் பனி எல்லோருக்கும் நல்லதுதான். வெயில் இறங்கி, இளகினது உறைகிற நேரத்தில் பார்க்க வேண்டும். அன்று பாறை நிழலில் அவளை விழத் தள்ளியதும் அப்படி உறைந்த பனிதான்.

சனிக்கிழமை நாலரை மணிக்கு வெயில் மரங்களை விட்டு இறங்கிவிட்டது. பாதையின் மேல் மெல்லிய ஓடு கட்டி, மிதித்தால் சர்க்கரை மாதிரி நொறுங்கியது. குன்வோர் மேட்டின் ஓரத்தில் பாதையை விட்டு விலகி நின்றாள். நீலப் பலகை காலடியில் பனியில் கிடந்தது. மேலே அவன் தொப்பி தெரிந்தது. வெகுநேரம் அசையாமல் நின்றது. பிறகு நகர்ந்தது.

முதல் வளைவு. கால் அகட்டி, ஸ்கீயின் உள்விளிம்பால் பனியைச் சுரண்டி வேகத்தைக் குறைக்கிற சத்தம் கேட்டது. இரண்டாம் வளைவில் வலது கால் ஒரு கணம் நடுங்கியதை இவ்வளவு தூரத்திலிருந்தே பார்த்தாள். பிர்ச் மரங்கள் அவனை விழுங்கின. ஒன்று. இரண்டு. ஐந்து. ஆறு. கடவுளே, ஏழு.

எட்டாவதில் அவன் வெளியே வந்தான். நேராக, குனிந்து, முகமெல்லாம் பயத்தோடு, நின்றபடியே வந்தான். அவளைத் தாண்டிப் போனான், பார்க்கக்கூட இல்லை. மேட்டில் ஏறினான், வேகம் தணிந்தது, தணிந்தது, பாலத்துக்குப் பதினைந்து மீட்டர் முன்னால் யாரும் பிடிக்காமல் நின்றது. அவளுக்கு முதுகைக் காட்டியபடி நின்றான். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை. அவள் போகவில்லை. அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் மெல்லத் திரும்பி அவளைத் தாண்டி ஏறத் தொடங்கினான்.

"எங்க போறே?"

"இன்னொரு தடவை. ஒரு தடவை யாரு வேணும்னாலும் நிப்பான்."

அவன் முதுகு மரங்களுக்குள் மறைந்ததும் அவள் எழுந்து, பலகையை எடுத்துக் கம்பத்தில் வைத்து, வாயில் ஆணியைக் கவ்விக்கொண்டாள். முதல் அடி விரலில் பட்டது. இரண்டாவது அடியில் ஆணி இறங்கியது. அந்தச் சத்தம் காடு முழுக்க எதிரொலித்தது.

மேலேயிருந்து அவன் குரல் வந்தது. "அடிச்சுட்டியா?"

"அடிச்சுட்டேன்."

"அப்ப தள்ளி நில்லு. வர்றேன்."

குன்வோர் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டுத் தள்ளி நின்றாள்.